பச்சைக் கம்பியை நம்பாதீர்கள்: வீட்டில் ஈ.வி. சார்ஜர் மாட்டுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதி) போன் வந்தது. புது மின்சாரக் கார், புது சார்ஜர், ஆனால் கார் சார்ஜ் ஆகவில்லை, வந்து பார்க்க முடியுமா என்றார்கள். போனால், சார்ஜரை மாட்டிய தம்பி இன்னும் அங்கேதான் நிற்கிறான். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது, அவன் டி.பி. பெட்டியை, அதாவது வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் பெட்டியைத் திறந்து, கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சைக் கம்பியை, அதுதான் எர்த், இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "எர்த்தெல்லாம் இருக்குண்ணே, சார்ஜர்தான் கோளாறு" என்கிறான். சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. 2023-இல் என் மச்சான் வீட்டுப் போர்ச்சில் நின்று இதே வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன்.

நான் ஒயர்மேன். பல வருஷம் செம்பனை ஆலையில் மின்சார வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிறேன். எக்ஸ்டென்ஷன் ஒயரில் காரைச் செருகாதே, லைசென்ஸ் இல்லாத ஆளைக் கூப்பிடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

22 கிலோவாட் ஆசை

காருக்குள் இருக்கும் சார்ஜர் 7 கிலோவாட்தான் எடுக்கும் என்றால், சுவரில் 22 மாட்டினாலும் 7-தான் ஏறும். நம் பக்கத்துத் தாமான் வீடுகள் பாதிக்கு மேல் சிங்கிள் ஃபேஸ், அதாவது ஒரே மின்கம்பியில் கரண்ட் வரும் இணைப்பு. 230 வோல்ட்டில் 32 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 7.4 கிலோவாட், அதுதான் அதிகபட்சம். 11-உம் 22-உம் மூன்று கம்பியில் கரண்ட் வரும் த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு. மலிவு விற்பனையில் பார்த்தேன் என்று சார்ஜரை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிட்டு "அண்ணே, த்ரீ ஃபேஸ் ஆக்கிடலாமா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று: ஆக்கலாம். மின்சார வாரியமான தெனாகாவுக்கு விண்ணப்பம், புது டி.பி. பெட்டி, புது மெயின் கேபிள் எல்லாம் சேர்ந்து சார்ஜர் விலையைத் தாண்டிவிடும்.

பழைய பெட்டியில் இன்னொரு 32 ஆம்பியர்

வாட்டர் ஹீட்டர் 15 ஆம்பியர், இரண்டு அறையில் ஏர்கோன், சமையல்கட்டில் கெட்டில். அதற்கு மேல் ராத்திரி முழுக்க 32 ஆம்பியர். கெட்டில் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடும், கார் ஏழு மணி நேரம் இழுக்கும். பழைய வீடுகளில் மெயின் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச், 40 ஆம்பியராகத்தான் இருக்கிறது. சார்ஜருக்குத் தனி வழி, தனி பிரேக்கர், தனி ஆர்.சி.சி.பி. வேண்டும். மொத்தச் சுமை தாங்காது என்று தெரிந்தால் சார்ஜரை 16 ஆம்பியருக்கு இறக்கி வையுங்கள். ராத்திரி முழுக்கத் தூங்குகிற காருக்கு அது போதும்.

எர்த்

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மச்சான் வீடு பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய தாமானில் இருக்கிறது, ஒற்றை மாடி டெரஸ். அதுதான் நான் மாட்டிய முதல் சார்ஜர். கேபிள் அழகாக இழுத்தேன், பிரேக்கர் போட்டேன், எல்லாம் முடித்து சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு. கையேட்டைப் புரட்டினால் எர்த் கோளாறு என்று இருக்கிறது. டி.பி. பெட்டியைத் திறந்தேன், பச்சை மஞ்சள் கம்பி கெட்டியாக முறுக்கப்பட்டிருக்கிறது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், டப்பென்று விழுந்தது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, சார்ஜரைக் கழற்றி விற்றவரிடமே திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மாற்று சார்ஜர் வந்தது. மாட்டினேன். அதே சிவப்பு விளக்கு. அந்த இரண்டு வாரமும் மச்சான் காரை ஈப்போ வரைக்கும் ஓட்டிப்போய் சார்ஜ் செய்துகொண்டு வந்தார், அத்தை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

டெஸ்ட் பட்டன் விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர்களே ஏமாறுகிறார்கள். அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.க்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டை மாற்றிவிட்டு, அது விழுகிறதா என்று பார்க்கிறது. எர்த் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் பட்டன் அமுக்கினால் விழும்.

ஆலையில் கூட வேலை பார்த்த அண்ணனிடம் எர்த் டெஸ்டரை இரவல் வாங்கி அளந்தபோது முள் கோடிக்கே போய்விட்டது. கம்பியைத் தேடிக்கொண்டு போனால் பின்சுவரில் இறங்கி, சமையல்கட்டுத் தரையின் சிமெண்டுக்குள் மறைகிறது. பத்து வருஷத்துக்கு முன் சமையல்கட்டைப் பின்னால் நீட்டிக் கட்டியபோது, வழியில் நின்ற எர்த் ராடை, அதாவது மண்ணுக்குள் அடித்த செம்புக் கம்பத்தை, யாரோ வெட்டிவிட்டு மேலே டைல்ஸ் போட்டுவிட்டார்கள். பத்து வருஷம் அந்த வீட்டில் வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் மெஷின், ஐஸ் பெட்டி எதற்கும் எர்த் இல்லை. யாருக்கும் தெரியாது. சார்ஜர்தான் கண்டுபிடித்தது, நான் அதையே குறை சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

நம் நாட்டில் வீடுகளுக்கு தெனாகா மின்சாரத்தைத் தரும், எர்த்தைத் தராது. அவரவர் வீட்டு மண்ணில் அவரவர் ராட். ஆகவே வீட்டை நீட்டியிருந்தாலும், போர்ச்சுக்கு சிமெண்டு போட்டிருந்தாலும் முதல் கேள்வி "ராட் எங்கே?" என்பதுதான். வீட்டுக்காரர் கையால் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

போன மாதம் நான் பார்த்த தம்பி அத்தோடு நிற்கவில்லை. யாரோ சொன்னார்களாம், நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் சிவப்பு விளக்கு போய்விடும் என்று. ஒயரைச் சீவிக் கையில் தயாராக வைத்திருந்தான்! போகும், விளக்கு பச்சையாகும், கார் சார்ஜ் ஆகும், வீட்டுக்காரர் காசு கொடுத்து டீயும் கொடுப்பார். அப்புறம் ஒருநாள் மீட்டர் பக்கம் நியூட்ரல் கம்பி தளர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி வழியாகவோ ஐஸ் பெட்டி வழியாகவோ வரும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு ஒயரில் ஏறி எர்த் கம்பிக்கு வரும். எர்த் கம்பி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் வரும். காரின் உடம்பு, ஹீட்டர், மெஷின், எல்லாவற்றிலும் கரண்ட். அந்தத் துண்டை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் போட்டிருந்தால் அதுவும் விழாது. போன கரண்டும் வந்த கரண்டும் அதன் கணக்கில் சரியாக இருக்கும், வெளியே காரின் கதவைத் தொட்டவன் வழியாக மண்ணுக்குப் போவது அதற்குத் தெரியவே தெரியாது. மழைக்குப் பிறகு செருப்பில்லாமல் போய் பிளக்கைப் பிடுங்குகிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தத் தம்பியைத் திட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே.

சரி, மச்சான் வீட்டுக்கு என்ன செய்தோம்? வீட்டுக்கு வெளியே காலி மண்ணில் புதிதாக ஒரு செம்பு ராட் அடித்தேன், 38 ஓம் காட்டியது. ஓம் குறையக் குறையத்தான் எர்த் நல்லது. எங்கள் பக்கம் சில இடங்களில் பழைய ஈயச் சுரங்க மணல்தான், எர்த் பிடிக்காது. பத்துக்குக் கீழே இறக்காமல் நான் விடுவதில்லை. பக்கத்திலேயே இன்னொன்றை நெருக்கி அடித்துப் பிரயோஜனமில்லை, ஒரு ராடின் நீளமாவது தள்ளி அடிக்க வேண்டும். இன்னும் சில ராட் அடித்த பிறகுதான் 9-க்கு வந்தது. அதையும் வெயில் காய்ந்த நாளில் அளந்தேன், மழை பெய்த மறுநாள் அளந்தால் எந்த மண்ணும் நல்ல மண்ணாகத்தான் தெரியும். ராட், கிளாம்ப், கம்பி, உடைத்த டைல்ஸ் எல்லாம் என் செலவு. சார்ஜர் மாட்டிக் கிடைத்த கூலி அதில் போனது போக, கையிலிருந்தும் போட்டேன்.

ஏசி வகை ஆர்.சி.சி.பி.

சாதாரண வீட்டில் இருப்பது இந்த வகை (ஏசி என்றால் இங்கே மாற்று மின்சாரம், ஏர்கோன் இல்லை). காரிலிருந்து டி.சி. கரண்ட், அதாவது பேட்டரியில் இருக்கும் நேர் மின்சாரம், கசிந்தால் இதற்குக் கண் கட்டிவிடும், விழ வேண்டிய நேரத்தில் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் டி.சி. கசிவைப் பிடிக்கும் வசதி இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை. பி வகை விலையைக் கேட்டு மயங்காதீர்கள், முதலில் கையேட்டைப் படியுங்கள்.

கேபிள் நீளம்

டி.பி. பெட்டி பின்னால், போர்ச் முன்னால் என்றால் 30 மீட்டர் சுலபமாக ஆகிவிடும். 6 எம்.எம். கேபிளில் 32 ஆம்பியர் அவ்வளவு தூரம் போனால் 7 வோல்ட் குறையும், 10 எம்.எம். என்றால் 4 சொச்சம். கூரைக்குள் தகரச் சூட்டில் இழுக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் 10.

மேற்கு பார்த்த சுவர்

வேண்டாம். சாயங்கால வெயில் நேராக சார்ஜர் மேல் அடிக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் செருகுவது

2025 ஜூலையில் வந்த நேரக் கட்டணத்தில் சேர்ந்திருந்தால், வேலை நாளில் மதியம் 2 முதல் ராத்திரி 10 வரை கட்டணம் அதிகம். டைமரை 10-க்கு மேல் வையுங்கள்.

ரசீது

மாட்டுகூலி, சார்ஜர் விலை இரண்டுக்கும் ரசீது வாங்குங்கள். 2027 வரி ஆண்டு வரைக்கும் 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு.

எர்த் டெஸ்டர் இப்போது சொந்தமாக வாங்கிவிட்டேன். அந்தத் தம்பி இரவல் கேட்டான், திட்டிய குற்ற உணர்ச்சியில் கொடுத்தேன். மூன்று வாரமாகிறது, இன்னும் வரவில்லை.