சிவப்பு விளக்கு சொல்லாதது: பழைய தோட்ட டிராக்டரில் ஆயில் அழுத்தத்தைக் கவனிப்பது எப்படி?

என் பழைய தோட்ட டிராக்டரின் முதல் இன்ஜினை இழந்தபோது ஆயில் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. புல் வெட்டிக்கொண்டிருந்தபோது அடிப்பகுதியிலிருந்து சுத்தியல் தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. பிரித்துப் பார்த்தால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை உட்புறம் முழுக்கக் கீறிப் போயிருந்தது. இதுபோன்ற பல சிறிய இன்ஜின்களில் தனியாக பேரிங் ஷெல் (தேய்மானத்தைத் தாங்கும் உறை) கிடையாது. அலுமினிய ராட் நேரே கிராங்க் மீதே சுழலும், இடையில் இருப்பது ஆயில் படலம் மட்டும்தான்.

விளக்கில் பழுது எதுவும் இல்லை. அதை இயக்கும் சுவிட்ச் அழுத்தம் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ.க்குக் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கீழே விழுந்தால்தான் விளக்கை எரிய வைக்கும். 40லிருந்து 10க்கு அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் முள் காட்டும் கேஜ் ஒன்று தேவை.

கேஜ் வாங்கும் முன் உங்கள் இன்ஜினில் ஆயில் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். கோலர் (Kohler) நிறுவனத்தின் கே-சீரிஸ் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் பம்ப் கிடையாது. ராடின் அடியில் இருக்கும் ஒரு சிறு கரண்டி, சுழலும்போதெல்லாம் ஆயிலை வாரி இறைக்கும். அங்கே அளக்க அழுத்தமே இல்லை. வேலைக்கு முன் ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் குச்சியை) பார்ப்பதே அதற்குரிய கண்காணிப்பு. ஓனன் (Onan) நிறுவனத்தின் இரட்டை சிலிண்டர் இன்ஜின்கள் பம்ப் உள்ளவை. ஆயில் ஃபில்டர் இருந்தால் பம்பும் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் இன்ஜினின் மாடல் நம்பரை வைத்துக் கையேட்டில் சரிபார்ப்பதே நல்லது.

பம்ப் உள்ள இன்ஜினில் விளக்கின் சுவிட்ச் திருகப்பட்டிருக்கும் துளைதான் கேஜுக்கும் இடம். அமெரிக்க இன்ஜின்களில் அது பெரும்பாலும் 1/8 அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை அளவு) மரை. இங்கே அவசரப்படாதீர்கள். 1/8 அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு) மரையும் பார்வைக்கு அதே போலத்தான் இருக்கும். முன்னதில் அங்குலத்துக்கு 27 புரி, பின்னதில் 28. ஓரிரு சுற்று நன்றாகவே ஏறும், பிறகு இறுகும். அதைச் சரியாகப் பொருந்திவிட்டது என்று எண்ணி ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினிய உடலில் மரை சிதைந்துவிடும். மூன்று நான்கு சுற்று கையாலேயே ஏற வேண்டும்.

சுவிட்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முள்ளைப் பார்க்காத நொடியில் கண்ணை இழுப்பது விளக்குதான். ஒரு டீ இணைப்பு (T வடிவ மூவழி இணைப்பு) வைத்து இரண்டையும் பொருத்தலாம். ஆனால் டீ, சுவிட்ச், கேஜ் மூன்றையும் இன்ஜின் உடலிலேயே தொங்கவிட்டால், அதிர்வில் அவற்றைத் தாங்கும் பித்தளை நிப்பிள் (சிறு குழாய்த் துண்டு) ஒருநாள் முறியும்; நிமிடத்துக்குள் ஆயில் முழுவதும் வெளியே போய்விடும். துளையிலிருந்து ஆயிலையும் சூட்டையும் தாங்கும் வலை போர்த்திய ஹோஸ் ஒன்றைக் கொண்டுபோய், இன்ஜினோடு சேர்ந்து அதிராத சட்டத்தில் டீயைப் பொருத்துங்கள். நைலான் குழாய் சைலன்சர் அருகே போனால் உருகிவிடும். சுவிட்சின் மின்சுற்று இன்ஜின் உடல் வழியே முடிவது; டீ இப்போது இன்ஜினை விட்டு விலகியிருப்பதால், அதற்கு ஓர் எர்த் வயரும் வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு எப்போதுமே எரியாது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் இரண்டு புரிகளை வெறுமையாக விடுங்கள். பிய்ந்த துணுக்கு ஆயில் வழியை அடைக்கக் கூடாது. கேஜ் 0 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காட்டுவதும், முள் நடுங்காதபடி கிளிசரின் நிரப்பியதுமாக இருந்தால் நல்லது.

பொருத்தியதும் ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, முள் அசையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள்.

இனி அளவு. குளிர்ந்த இன்ஜின் காட்டும் அளவைப் பார்த்து மகிழ வேண்டாம். ஆயில் கெட்டியாக இருப்பதால் எந்தத் தேய்ந்த இன்ஜினும் அப்போது நல்ல அளவையே காட்டும். அரை மணி நேரம் உண்மையான வேலை வாங்கிய பிறகு, சமதரையில் நிறுத்தி, முழு வேகத்தில் ஒன்று, ஐடிலில் (சுமையின்றி மெதுவாக ஓடும்போது) ஒன்று என இரண்டு எண்கள் எடுங்கள். என் இப்போதைய இன்ஜின் குளிரில் 60 காட்டும்; சூடானபின் முழு வேகத்தில் 38, ஐடிலில் 14. இது என் இன்ஜினின் கணக்கு. உங்களுடையதற்குக் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவே எல்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களையும், ஆயிலின் தரத்தையும், அன்றைய வெயிலையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன்.

எண் இறங்கினால் உடனே இன்ஜினைப் பிரிக்க ஓடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், கார்புரேட்டரின் ஊசி வால்வோ பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமோ கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்திருக்கிறது. அதைச் சரிசெய்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால் எண் பழையபடி திரும்பும். காற்றால் குளிரும் இன்ஜினில் குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையே புல் அடைத்திருந்தாலும் ஆயில் அதிகம் சூடாகி அழுத்தம் குறையும். சரிவில் மட்டும் முள் துள்ளினால் பம்ப் காற்றை இழுக்கிறது. மட்டத்தைப் பாருங்கள், அந்தச் சரிவைத் தவிருங்கள். இவை எதுவும் இல்லாமல் சூடான எண் மாதந்தோறும் சரிந்தால்தான் ரிலீஃப் வால்வின் (அதிக அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங், பம்ப், பேரிங் என்று போக வேண்டும்.

ஓடும்போது முள் திடீரென 0க்கு விழுந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். கொட்டகை பத்தடி தூரத்தில் இருந்தாலும் தள்ளிக்கொண்டு போங்கள். கேஜே பழுதாகியிருக்கலாம் என்ற சந்தேகத்தை, இன்னொரு கேஜ் மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.