அம்மாவின் உதவிப்பணக் கடனும் தாமதமான என் முறையீடும்

டொராண்டோவில் வாழும் நான், அம்மாவைக் கனடாவுக்கு அழைப்பதற்காக, அவர் அரசு உதவிப்பணம் பெற்றால் அதைத் திருப்பிக் கட்டுவேன் என்ற பத்து ஆண்டுப் பொறுப்பேற்பில் ஸ்பான்சராகக் கையெழுத்திட்டிருந்தேன். பின்னர் தனியே குடியிருந்த அவர் பெற்ற ஒன்டாரியோ சமூக உதவிப்பணத்தை என்னிடம் கேட்ட கடிதம், பழைய முகவரிக்குப் போய் எட்டு மாதம் கழித்தே கைக்கு வந்தது. கடனைத் தள்ளுபடி செய்ய முடியாவிட்டாலும், ஸ்பான்சரின் நிலைமையைக் கேட்டறிந்து வசூலைத் தள்ளிவைக்க அரசுக்கு இடமுண்டு என்று 2011-இல், இத்தகைய ஸ்பான்சர் கடன்கள் பற்றிய மாவி வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததால், தாமதத்தின் காரணத்தைப் புதிய வாடகை ஒப்பந்தத்துடன் எழுதி, மாதவாரிக் கணக்கையும் கேட்டேன்.

வந்து சேர்ந்த அந்தக் கணக்கில்தான் பிழை இருந்தது. பொறுப்பேற்பு, அம்மா நிரந்தரவாசியான நாளிலிருந்து எண்ணப்படுவது. எந்தத் தாளையும் எறியாத அவருடைய கடவுச்சீட்டோடு இணைத்திருந்த நிரந்தரவாசத் தாளில் 2009 மார்ச் முத்திரை இருக்க, 2019 ஜூன் வரை கணக்கிட்டிருந்தார்கள். அந்த மூன்று மாதமும் நீக்கப்பட்டது. மீதியை மாதம் 100 டாலராகக் கட்டி வருகிறேன்.