அறுபதுக்கு மேல் டிரையத்லான் தன்னார்வலரா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதல் வருடம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். "அங்கிள், நடுநடுவுல உட்கார்ந்துக்கோங்க" என்றான் கல்லூரிப் பையன் ஒருவன். "வேண்டாம்ப்பா, நான் தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிற ஆள்" என்று சொல்லி அதை ஓரமாகத் தள்ளிவைத்தேன். விடிகாலை 4 மணிக்கு சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் போய் நின்றவன், ஏழே முக்காலுக்குத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் இருட்டத் தள்ளாடினேன். அதே பையன் அதே நாற்காலியைத் தேடி எடுத்து வந்து போட்டான். எனக்கு அப்போது 63 வயது.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது. ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றிலும் இதில் பாதித் தூரம் என்றால் அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். சென்னைப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டமும் சைக்கிளும் பழகுகிறவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பார்க்கலாம். ஒலிம்பிக் தூரத்தில் கடைசியாக வருகிறவருக்கு நான்கு மணி நேரம்கூட ஆகலாம். அவருக்கு முன்னால் வந்து, அவருக்குப் பின்னால் கிளம்புகிறவர்தான் தன்னார்வலர். அதனால் அங்கே நம்முடைய பெரிய வேலை நிற்பது. அந்த வேலையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நடக்கும்போது கெண்டைக்கால் சதை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கிக் காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடும், ரத்தம் காலிலேயே தேங்கும். இளசுகளுக்கு ரத்தக்குழாய்கள் சட்டென்று இறுகிச் சமாளித்துவிடும். வயதாக ஆக அந்தச் சுறுசுறுப்பு குறையும், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறையலாம். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சில வீரர்கள் பொத்தென்று விழுவதற்கும் பல நேரம் இதே காரணம்தான்: இவ்வளவு நேரம் ஓடிய கால் திடீரென்று நின்றுவிடுகிறது. ஆக, தினமும் நடக்கிறேன் என்ற பெருமை நிற்பதற்கு உதவாது. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து அடி நடந்துவிட்டு வாருங்கள். நாற்காலி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் மடக்கு நாற்காலி ஒன்றை நாமே எடுத்துப் போவது நல்லது.

பெயர் கொடுக்கும்போதே முதல் தவறு நடந்துவிடும்: "எந்த வேலை கொடுத்தாலும் சரி." அப்படிச் சொல்கிறவருக்கு யாரும் விரும்பாத இடம்தான் போய்ச் சேரும். எத்தனை மணி நேரம், நிழல் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம், மாற்றிவிட ஆள் வருவாரா என்று கேட்டுவிடுங்கள். கழிப்பறைக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். பிராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களும், ஒதுங்க இடமில்லையே என்று பயப்படும் பெண்களும் கடைசியில் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வயதானால் தாகம் தெரிவதும் மட்டுப்படும். கடலோரப் புழுக்கத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் மயக்கம்தான். தாகத்துக்காகக் காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம். வீட்டில் 8 மணிக்கு இட்லி, அதற்கு முன் சுகர் மாத்திரை என்பது வழக்கம். போட்டியன்று 3 மணிக்கே கிளம்ப வேண்டும் என்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, டிபன் அங்கே தருவார்களாம் என்று நம்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிபன் வரும், ஆனால் எப்போது வரும் என்பது அதை ஏற்றிவரும் வண்டிக்குத்தான் வெளிச்சம். சில சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் நேரக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக அளவைக் கூட்டிக் குறைக்காதீர்கள். சட்டைப் பையில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் சர்க்கரை மிட்டாய், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எழுதிய சீட்டு. நீர் மாத்திரைக்காரர்கள் கழிப்பறைத் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடவும்.

அப்புறம், நல்ல மனசால் செய்யும் தவறுகள். இவை நம் வயதுக்காரர்களுக்கே உரியவை. அந்த முதல் வருடம், நீந்தி முடித்து மூச்சு வாங்க ஓடிவந்த ஒரு பெண் ஹெல்மெட் வாரை மாட்டத் தடுமாறினாள். பாவம் என்று அவள் சைக்கிளைத் தாங்கியிலிருந்து இறக்கித் தயாராகப் பிடித்துக்கொண்டேன். "சார், தொடாதீங்க!" என்று நடுவர் ஓடிவந்தார். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளை எடுக்கலாம், அதையும் வீரர்தான் எடுக்க வேண்டும். விதியில் இல்லாத வெளி உதவிக்குத் தண்டனை உண்டு, அது நமக்கல்ல, அவளுக்கு. அன்று எச்சரிக்கையோடு விட்டார்கள். ஏறும் கோடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், "ஏறிப் போம்மா!" என்று நாம் உற்சாகப்படுத்தி, அவளும் அவசரத்தில் ஏறிவிட்டால் வம்பு.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பதும் அதே ரகம். 3 கிலோமீட்டர் பாக்கி இருப்பவரிடம் இதைச் சொன்னால் அவர் முழு வேகத்தில் ஓடி அடுத்த திருப்பத்தில் துவண்டுபோவார். சரியான தூரம் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் கைதட்டினால் போதும். தலை சுற்றுகிறது என்று வருகிறவரிடம் "நிறையத் தண்ணி குடிப்பா" என்று பாட்டிலை நீட்டுவதும் ஆபத்து. மணிக்கணக்காக வெறும் தண்ணீரையே குடித்தவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். அவருக்கு மேலும் தண்ணீர் கேடு. உட்காரவைத்து மருத்துவக் குழுவைக் கூப்பிடுவதோடு நம் வேலை முடிந்தது. விழுந்தவரைத் தனியாகத் தூக்கப் போகாதீர்கள். 70 கிலோ ஆளைக் குனிந்து தூக்கினால் மருத்துவக் குழுவுக்கு இரண்டு நோயாளிகள்.

தண்ணீர் மேசையில் ஓடுகிறவர்களுக்குக் கொடுப்பது நமக்கு ஏற்ற வேலை. கோப்பையை உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டி, கண்ணைப் பார்த்து, அவர் விரல் பட்டதும் விட்டுவிட வேண்டும். சைக்கிளில் வருகிறவர்களுக்குக் கொடுப்பதை மட்டும் இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். இருவரில் ஒருவர் கை கொஞ்சம் தாமதித்தால் இரண்டு பேரும் கீழே.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. பைஃபோகல் போட்டுக் கீழே பார்த்தால் தரை மங்கலாகத் தெரியும். அங்கோ எங்கு பார்த்தாலும் கேபிள், மிதியடி, ஈரத் துண்டு. நடக்கும்போது தூரத்தைப் பார்க்கும் கண்ணாடி, வீரர்களின் கையில் போட்டி எண் எழுதும்போது மட்டும் படிக்கும் கண்ணாடி என்று இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். (வெயில் கிரீம் பூசிய தோலில் மார்க்கர் எழுதாது. எழுதிய பிறகு பூசச் சொல்ல வேண்டும்.) வாக்கி-டாக்கியில் எண் வந்தால் ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி இரைச்சலில் காது சரியாகக் கேட்காததை மறைத்து, ஒரு வீரரைத் தப்பான சுற்றுக்கு அனுப்பினால் அவருடைய ஆறு மாதப் பயிற்சி வீண்.

வயசாகிவிட்டதே, இதற்கெல்லாம் நாம் எதற்கு என்று பெயரே கொடுக்காமல் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018-இல் ஹவாயில் அயர்ன்மேன் போட்டியை முடித்தபோது அவருக்கு வயது 85. அது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். நமக்குச் சொல்லியிருப்பது தண்ணீர்க் கோப்பை நீட்டத்தான்.

எல்லாம் முடிந்து பதினோரு மணி வாக்கில் கிளம்புவோம். 2 மணிக்கு எழுந்த கண், காலி வயிறு, உச்சி வெயில், கீழே ஸ்கூட்டர். நான் இப்போது போகும்போதே மகனிடம் சொல்லிவிடுகிறேன், திரும்பும்போது வந்து கூட்டிப் போ என்று. அவன் வரும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடிப்பேன்.