வாடகை பாக்கிக்குக் காலி செய்யும் நோட்டீஸ்: உரிமையாளர்கள் சறுக்கும் இடங்கள்

மாதக்கணக்கில் வாடகை வராவிட்டால் வீட்டு உரிமையாளருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடு எழுதிய நோட்டீஸ்தான் பிறகு நீதிமன்றத்தில் நிற்காமல் போகிறது. பாக்கி இருப்பது உண்மையாக இருக்கும், குடியிருப்பவர் தராததும் உண்மையாக இருக்கும். அப்படியிருந்தும் நோட்டீஸில் உள்ள ஒரு பிழைக்காக வழக்கு தள்ளுபடியாகும். மறுபடி புதிய நோட்டீஸ், மறுபடி கெடு. அதுவரை வாடகையும் கிடையாது. நோட்டீஸ் என்பது வழக்கின் முதல் ஆவணம். ஒருநாள் நீதிபதி அதை வரி வரியாகப் படிப்பார் என்ற நினைப்போடு எழுத வேண்டும்.

அதிகம் பேர் தவறுவது தொகையில். வாடகை பாக்கியோடு தண்ணீர்க் கட்டணம், உடைந்த குழாயைச் சரிசெய்த செலவு, தாமதத்துக்கான அபராதம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிடுகிறார்கள். இது பல இடங்களில் செல்லாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மூன்று நாளுக்குள் பாக்கியைக் கட்டுங்கள் அல்லது காலி செய்யுங்கள் என்று கொடுக்கும் ‘மூன்று நாள் நோட்டீஸில்’ வாடகையை மட்டுமே கேட்கலாம். ஓராண்டுக்கு முந்தைய வாடகையை அதில் கேட்கவும் முடியாது. வர வேண்டியதைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தால், வீடுகளைப் பொறுத்தவரை நோட்டீஸே வீணாகலாம். எந்த மாதத்துக்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்று மாதவாரியாக எழுதிப் பார்த்துவிட்டுத் தொகையை நிரப்புங்கள். குடியிருப்பவர் இடையிடையே கொடுத்த சிறு தொகைகள்தான் கணக்கில் விட்டுப்போகும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதும் அவற்றைத்தான். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா கூடாதா என்பதற்கு ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

“உடனே காலி செய்யவும்” என்று மட்டும் எழுதுவது இன்னொரு தவறு. வாடகை பாக்கி என்றால், பணத்தைக் கட்டிவிட்டுத் தொடர்ந்து குடியிருக்க ஒரு வாய்ப்பைப் பெரும்பாலான சட்டங்கள் தருகின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் இதற்கென்றே என்4 என்ற படிவம் இருக்கிறது. கெடுவுக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாததாகிவிடும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும், இரண்டு மாதப் பாக்கிக்கு நோட்டீஸ் பெற்றவர் ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைக் காட்டி அவரை வெளியேற்ற முடியாது. எவ்வளவு, யாரிடம், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று நோட்டீஸில் தெளிவாக இருக்கட்டும்.

கெடுவை எண்ணுவதிலும் கவனம் தேவை. பலர் தாங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, மாத வாடகைக்குப் பதினைந்து நாள் கெடு என்கிறது. அது நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் மூன்று நாளில் சனி, ஞாயிறு, நீதிமன்ற விடுமுறைகள் சேராது. ஒரு நாள் முந்திக்கொண்டு வழக்குப் போட்டால் அந்த ஒரு நாளே எதிராளிக்குப் போதும். இரண்டு மூன்று நாள் கூடவே கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், நீல டிக் வந்துவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதே 106ஆம் பிரிவு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், குடியிருப்பில் உள்ள குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ கொடுக்கலாம், இவை முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். எப்படிக் கொடுத்தாலும் ரசீதும் ஒப்புகை அட்டையும் பத்திரமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் நோட்டீஸிலும் இருவர் பெயரும் வர வேண்டும்.

நோட்டீஸ் கொடுத்த பிறகு பணம் வாங்குவதில்தான் நுணுக்கம் அதிகம். பழைய பாக்கியை வாங்குவது வேறு, கெடு முடிந்த பிறகான நாட்களுக்கு வாடகை வாங்குவது வேறு. இரண்டாவதைச் செய்தால் நோட்டீஸைக் கைவிட்டதாகக் கொள்ளலாம். அதே 1882 சட்டத்தின் 113ஆம் பிரிவு இதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இப்போது பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வந்துவிடுவதால் பலருக்கு அதை வாங்கிக்கொண்டோம் என்பதே உறைப்பதில்லை. பணம் வந்த அன்றே, இதை எந்த மாதத்துக்காக வரவு வைத்தேன், நோட்டீஸ் அப்படியே இருக்கிறது என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, கெடு முடிந்ததும் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமான்களை வெளியே எடுத்து வைப்பது. கெடு முடிந்தால் கிடைப்பது வழக்குப் போடும் உரிமை மட்டுமே. வெளியேற்றுவது நீதிமன்ற உத்தரவின் வேலை. இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டமே இருக்கிறது. குடியிருப்பவரைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றுவது அங்கே குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், உள்ளே பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டின் விளக்கை அணைப்பதை எந்தப் பாக்கியும் நியாயப்படுத்தாது.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று. நோட்டீஸை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை மறுத்தால், அது சேர்ந்துவிட்டதாகவே இந்திய நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்கின்றன. மறுக்கிற நேரத்தில் வாங்கிப் படித்து, தொகை தவறாக இருந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். முடிந்ததைக் கட்டி ரசீது வாங்குங்கள்.

தவணையில் கட்டுவதாக இருவரும் பேசி முடித்தால் அதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு தவணை தவறினால் பழைய நோட்டீஸ் உயிரோடு இருக்குமா, புதிதாகக் கொடுக்க வேண்டுமா என்பதை அந்தத் தாளிலேயே சொல்லிவிடுங்கள்.