இ-செலானில் ‘இடம்’ என்றொரு கட்டம்

டிராபிக் போலீஸில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, 2024-ல் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக (எஸ்.எஸ்.ஐ.) ஓய்வு பெற்றேன். கார்பன் தாள் செருகிய ரசீது புத்தகத்தில் தொடங்கி, ஃபைன் சீட்டு போடும் இ-செலான் மெஷினில் முடித்தவன். புதிதாக மெஷின் கைக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த செக்‌ஷனுக்கு எவ்வளவு ஃபைன் என்றுதான். அதை மெஷினே சொல்லிவிடும். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொகை ஏறியதிலிருந்து ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. இதற்கு நான் எதற்கு?

யாரும் மதிக்காத ஒரு கட்டம் இருக்கிறது. ‘இடம்’. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் வண்டி எண். எண்ணை அடித்ததும் ‘வாகன்’ என்ற அரசு வண்டிப் பதிவிலிருந்து ஓனர் பெயர், வண்டி வகை எல்லாம் திரையில் வந்து நிற்கும். உடனே அடுத்த பட்டனுக்குப் போகாதீர்கள். தலையைத் தூக்கி வண்டியைப் பாருங்கள். திரையில் ஸ்கூட்டர் என்று இருந்து எதிரில் புல்லட் நின்றால், நீங்கள் தப்பாக அடித்திருக்கிறீர்கள், அல்லது அவன் நம்பர் பிளேட் போலி. இரண்டில் எதுவானாலும் செலான் போகப்போவது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் வீட்டுக்கு.

இப்போது இடம். மெஷினில் லொகேஷனை ஆன் செய்து, மேம்பாலத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்து, புள்ளி ஓர் இடத்தில் நிலைக்கும் வரை பொறுங்கள். அரை நிமிஷம் ஆகும். இடத்தின் பெயரைக் கையால் அடிக்க வேண்டியிருந்தால் ‘பைபாஸ்’ என்று மொட்டையாக விடாதீர்கள். பைபாஸ் ஒன்பது கிலோமீட்டர் நீளம் இருந்தால் எதை வைத்துத் தேடுவது? எந்தக் கிலோமீட்டர் கல், எந்தப் பங்க், எந்த ஊர் பிரிவு என்று போடுங்கள். சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

விபத்து விவரத்தைப் பதிவு செய்ய வைத்திருக்கும் ஐ-ராட் செயலியிலும் இதே கதைதான். 2021-லிருந்து நம் மாநிலத்தில் ஓடுகிறது. வடிவமைத்தது சென்னை ஐ.ஐ.டி. நாம் பதிவு செய்தால்தான் நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, ஆஸ்பத்திரி என்று அடுத்தவர்கள் தங்கள் பங்கை நிரப்ப முடியும். ஆனால் நடப்பது என்ன? ஸ்பாட்டில் கூட்டம், ஆம்புலன்ஸ், ஒரு பக்கம் டிராபிக் ஜாம். ‘ஸ்டேஷனுக்குப் போய்ப் போட்டுக்கலாம்’ என்று வந்து மேஜையில் உட்கார்ந்து போடுவோம். நான் இருந்த ஸ்டேஷனில் ஒருநாள் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். புள்ளிகள் எங்கள் வாசலிலேயே குவிந்திருந்தன. ஊரிலேயே ஆபத்தான இடம் போலீஸ் ஸ்டேஷன்தான் போல! அதில் நான் போட்டதும் நாலு இருந்தது. சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் ‘பிளாக் ஸ்பாட்’, அதாவது விபத்து அடிக்கடி நடக்கும் இடம் என்ற கணக்கில் சேர, 500 மீட்டர் தூரத்துக்குள் 3 வருஷத்தில் சாவு அல்லது கொடுங்காயம் ஆன விபத்துகள் 5, அல்லது சாவுகள் 10 இருக்க வேண்டும். புள்ளி ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் அந்தச் சாவு அந்த இடத்தின் கணக்கில் வராது. ஸ்பாட்டிலேயே புள்ளியையும் நாலு போட்டோவையும் போட்டுவிட்டு, மீதி விவரத்தை ஸ்டேஷனில் நிரப்புங்கள்.

இனி, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை. கம்ப்யூட்டர் ஆள் எல்லாம் வேண்டாம். உங்கள் ஸ்டேஷன் எல்லைக்குள் வரும் பகுதியின் வரைபடத்தைப் பெரிதாக பிரின்ட் எடுங்கள். மூன்று வருஷ விபத்துகளுக்குச் சிவப்புப் புள்ளி, மூன்று மாத செலான்களுக்கு நீலப் புள்ளி. பக்கத்தில் நேரத்தையும் குறியுங்கள். நைட் டூட்டியில் நானும் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரும் உட்கார்ந்து இதைச் செய்தோம். இரண்டு டீயில் முடிந்தது. எங்கள் நீலப் புள்ளியெல்லாம் ஒரு புளியமரத்தடியில். நிழல் இருக்கும், டீக்கடை இருக்கும், பேரிகார்டு போட வசதி. நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. சிவப்புப் புள்ளிகளோ அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சென்டர் மீடியனில் இருந்த ஒரு திறப்பில். நேரம் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது. எங்கள் ஊர் மட்டும் இல்லை, நாடு முழுக்க விபத்து அதிகம் நடப்பது அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

பேரிகார்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். கேஸ் நிறைய விழுந்தது, எல்லாம் ஒரே கேஸ்: ராங் சைடு. மூன்றாம் நாள் ஒரு பால்காரர், கேனை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “சார், நேரா போனா அடுத்த திருப்பம் மூணு கிலோமீட்டர். போக மூணு, வர மூணு. பால் கெட்டுடாதா?” ஃபைன் போட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் அன்று ராத்திரி செலான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் பக்கத்து இரண்டு கிராமம்.

இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில், ஒரே குற்றத்துக்கு, அக்கம்பக்கத்து ஆட்களே திரும்பத் திரும்ப மாட்டினால், தப்பு பெரும்பாலும் ரோட்டில் இருக்கும். அப்போது இன்னும் நூறு செலான் போட்டுப் பயனில்லை. பட்டியலையும் சிவப்புப் புள்ளி வரைபடத்தையும் ஒரு மனுவோடு இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கி, சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு அனுப்புங்கள். கலெக்டர் தலைமையில் நடக்கும் கூட்டம் அது. ‘விபத்து அதிகம்’ என்று எழுதினால் ஃபைலில் தூங்கும். இத்தனை செலான், இந்த நேரம், இந்த 200 மீட்டர் என்று எழுதினால் இன்ஜினியர் பதில் சொல்லியாக வேண்டும்.

கேமரா செலான் உங்கள் பகுதிக்கு வந்தால் ஒன்றே ஒன்று: 2021-ல் வந்த விதிப்படி, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், நோட்டீஸ் விதி சொல்லும் கெடுவுக்குள் போக வேண்டும்.

எங்கள் மனுவுக்கு முதலில் வந்தது ஒரு லைட் கம்பம். அதற்கே ஐந்து மாதம். சர்வீஸ் ரோடு நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தொடங்கியது. போன மாதம் அந்த வழியாக பஸ்ஸில் போனேன், ஜல்லி கொட்டியிருந்தார்கள். புளியமரத்தடியில் பேரிகார்டு பழையபடி நின்றிருந்தது. மணி பதினொன்று.