நார்டிக் நிலக்காட்சியைத் தைலவண்ணத்தில் தீட்டும் முறை

வட ஐரோப்பாவின் நார்டிக் மலைகளையும் கடலையும் தைலவண்ணத்தில் தீட்ட விரும்புகிறவர், அங்குள்ள ஒளியின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வடக்கு நார்வேயின் ட்ரோம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. நண்பகலையொட்டிய சில மணி நேரம் மட்டும் பனியும் நீரும் வானும் ஒரே நீலத்தில் தோய்ந்திருக்கும். அப்போது அழுத்தமான நிழல் எதுவும் விழாததால், வெயிலையும் நிழலையும் எதிரெதிரே நிறுத்தி மலைக்குத் திரட்சி தரும் வழக்கமான முறை இங்கே பயன்படாது. அடுத்தடுத்த சாயல்களுக்கிடையே உள்ள மிகச் சிறிய வேறுபாடுதான் மலையை வானிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

இதற்கு மூன்று வண்ணங்கள் போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு, டைட்டானியம் வெள்ளை. முதல் இரண்டையும் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பே கிடைக்கும்; நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பலும், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பலும் வரும். தூரிகையைத் தொடுவதற்கு முன்பே ஐந்தாறு சாம்பல் படிகளை வண்ணப்பலகையில் கலந்து வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். கலப்பில்லாத வெள்ளையைக் கடைசி நாள் வரை தொட வேண்டாம், ஏனெனில் அது ஓர் இடத்தில் விழுந்தவுடன் மற்ற மென்சாயல்கள் அனைத்தும் அழுக்காகத் தெரியத் தொடங்கும்.

கித்தானுக்கு முதலில் நீர்த்த சியன்னாவைப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். மேலே வரும் நீலத்தின் இடைவெளிகளில் அந்தச் செம்மை கசிந்து, படம் விறைத்துப்போகாமல் காக்கும்.

இத்தகைய ஓவியத்தின் அகமுகத்தன்மை, அதாவது உள்நோக்கிய மனநிலை, வண்ணத்தைவிட நினைவிலிருந்தே அதிகம் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நார்வே ஓவியர் பேடர் பால்கே 1832-இல் வடகோடிக் கடற்கரைக்குப் பயணம் செய்தார். பின்னர் பல பத்தாண்டுகள் அந்தக் கடலையே வரைந்துகொண்டிருந்தார். முதுமையில் அவர் தீட்டிய சிறு படங்களில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம். மற்றொரு நார்வே ஓவியரான ஹரால்ட் சூல்பெர்க், அந்நாட்டின் ரொண்டானே மலைகளின் குளிர்கால இரவைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக மீண்டும் மீண்டும் வரைந்து பார்த்த பிறகே, 1914-இல் அதன் பெரிய நீல ஓவியத்தை முடித்தார். ஆகவே ஓர் இடத்தின் முன் அரை மணி நேரம் எதையும் வரையாமல் அமர்ந்திருங்கள். மறுநாள் புகைப்படத்தின் துணையின்றி அதை வரையுங்கள். உங்கள் மனம் எதைத் தவறவிட்டதோ அதைப் படமும் தவறவிடட்டும்.

பூச்சில் ஒரு விதியை மீறக் கூடாது: கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லையெனில் மேற்பூச்சு வெடிக்கும். மூடுபனிக்கு வெள்ளையை அப்புவதைவிட, ஈரமான சாம்பலைத் துணியால் துடைத்தெடுப்பது நல்லது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

காய்ந்தபின் கருநீலப் பகுதிகள் மங்கி வெளிறித் தோன்றும். சாயல் மாறிவிட்டதென்று அஞ்சிப் பலர் அங்கே மீண்டும் வண்ணம் பூசி, அரிதாய் அமைந்த அமைதியைக் கெடுத்துவிடுகிறார்கள். அங்கு எண்ணெயை மிக மெலிதாகத் தேய்த்துத் துடைத்தால் பழைய ஆழம் திரும்பும்; ஆறு மாதங்களுக்குப் பிறகு பூசும் வார்னிஷ் அதை நிலைநிறுத்தும்.