நவீனத்துவத்தைத் துறை கடந்து படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியம், இசை, கவிதை, நடனம் எல்லாவற்றையும் சேர்த்து நவீனத்துவத்தைப் படிக்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது ஒற்றுமைகள்தான். அங்கேயே வழுக்கலும் தொடங்குகிறது. ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கட்டுரை 1905இல் வந்தது. பிக்காசோ 1907இல் உருவங்களைக் கோணங்களாக உடைத்தார். உடனே அந்த ஓவியப் பாணியான கியூபிசம் சார்பியலின் பிள்ளை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இயற்பியலாளர்களின் வட்டத்துக்கு வெளியே ஐன்ஸ்டைன் பெயர் பரவலானது, அவர் கோட்பாட்டை உறுதிப்படுத்திய 1919 சூரிய கிரகண ஆய்வுக்குப் பிறகுதான். அதற்குள் கியூபிசத்தின் முக்கியமான கட்டம் முடிந்துவிட்டது. பாரிஸ் ஓவியர்கள் அப்போது ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தது 19ஆம் நூற்றாண்டு வடிவியலிலிருந்து வந்த ‘நான்காவது பரிமாணம்’ பற்றி. கலை வரலாற்றாளர் லிண்டா ஹென்டர்சன் இதை விரிவாக நிறுவியிருக்கிறார். இரண்டு விஷயங்கள் ஒத்திருக்கின்றன என்று தோன்றினால், ஒன்றிலிருந்து மற்றதற்கு அது எந்த வழியாகப் போனது என்று கேளுங்கள். கடிதமா, கண்காட்சியா, பத்திரிகையா, நட்பா? வழி தெரியாதவரை ‘தாக்கம்’ என்று எழுத வேண்டாம்.

வழி தெரிந்த பிறகும் அவசரப்படக் கூடாது. 1911 ஜனவரி 2ஆம் தேதி மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியை ஓவியர் காண்டின்ஸ்கி கேட்டார். கேட்ட கையோடு ‘இம்ப்ரெஷன் 3’ ஓவியத்தைத் தீட்டினார், ஷோன்பெர்க்குக்குக் கடிதமும் எழுதினார். இவ்வளவு உறுதியான தொடர்பு கிடைப்பதே அரிது. அதை வைத்துக்கொண்டு இந்த மஞ்சள் எந்தச் சுரம், அந்தக் கருப்பு எந்தச் சுரம் என்று தேடுவது வீண். அந்தக் கருப்பு வடிவத்தைப் பியானோவாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். கடிதத்தில் காண்டின்ஸ்கி சொன்னது வேறு: உங்கள் இசையில் ஒவ்வொரு குரலும் தன் போக்கில் தனி வாழ்வு வாழ்கிறது, என் ஓவியத்தில் நான் தேடுவதும் அதுதான். அவர் எடுத்துக்கொண்டது ஓர் அமைப்பு முறையை. இது புரிய வேண்டுமானால் கச்சேரியில் இசைக்கப்பட்ட ஷோன்பெர்க்கின் இரண்டாவது தந்தி நால்வரிசையை (ஸ்ட்ரிங் குவார்டெட்) முழுதாகக் கேட்க வேண்டும். புத்தகத்தில் உள்ள வர்ணனையை மட்டும் படித்தவர் எழுதும் கட்டுரை உடனே அடையாளம் தெரிந்துவிடும்.

அப்புறம், ஒரு நிகழ்வு பல கலைகளால் ஆனதாக இருக்கும்போது அதை ஒரே துறைக்குள் அடைப்பது. 1913 மே 29ஆம் தேதி பாரிஸில் ‘வசந்தச் சடங்கு’ பாலே அரங்கேறியபோது ஏற்பட்ட கூச்சலுக்கு ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையையே காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த இரைச்சலில் இசையே சரியாகக் கேட்கவில்லை. பாலே என்றால் மேலெழும் நளினம் என்று பழகியிருந்தவர்களுக்கு முன்னால் நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கியின் கலைஞர்கள் பாதங்களை உள்நோக்கித் திருப்பி, தரையை மிதித்து ஆடினார்கள். ரோரிக் வடிவமைத்த உடைகளும் அவர்களுக்குப் புதிது. 1914 ஏப்ரலில் அதே பாரிஸில், நடனம் இல்லாமல் இசை மட்டும் வாசிக்கப்பட்டது. அரங்கேற்றத்தில் இசைக்குழுவை நடத்திய பியர் மோந்துதான் அன்றும் நடத்தினார். அன்று ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்! இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்த விளக்கமும் அரைகுறைதான்.

காலவரிசையைத் தரவரிசையாக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளிக் கலைஞர்களின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன; க்ளே, காண்டின்ஸ்கி படைப்புகளும் அங்கே வந்தன. அதே கண்காட்சியில் ககனேந்திரநாத் தாகூர் போன்ற இந்தியக் கலைஞர்களும் இடம்பெற்றனர். பின்னாளில் ஆங்கில விமர்சகர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், ககனேந்திரநாத்தின் கியூபிச ஓவியங்களைப் பிக்காசோவின் பலவீனமான சாயலாக ஒதுக்கினார். முதலில் செய்தவர் அசல், பிறகு செய்தவர் நகல் என்ற இந்தக் கணக்கை வரலாற்றாளர் பார்த்த மித்தர் கடுமையாக மறுத்திருக்கிறார். ககனேந்திரநாத் தாகூர் குடும்பத்தின் கல்கத்தா இல்லமான ஜோராசாங்கோவில் நடந்த நாடகங்களில் ஆழ்ந்து ஈடுபட்டவர். அவர் படங்களின் படிக்கட்டுகள், உடைந்து விழும் ஒளி, மர்மமான உள்ளறைகள் எல்லாவற்றிலும் மேடை இருக்கிறது. பிக்காசோவை ஓரமாக வைத்துவிட்டு நாடக அரங்கிலிருந்து அவரைப் படிக்கத் தொடங்குங்கள்.